அண்ணை தாடி விட்ட ஐப்பசி

3 ஒக்டோபர் 1993, ஞாயிறு

பின்வளவு ஆப்பிள் மரத்துக்கு இந்த வருடம் என்ன வந்ததோ, கொட்டித் தள்ளுகிறது. எல்லாம் புளி ஆப்பிள். வெள்ளைக்காரர் இதைச் சீனி போட்டு அவித்து மாவுக்குள் வைத்துச் சுடுவார்கள். நான் துருவி, பச்சைமிளகாய், வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டுச் சம்பலாக்கினேன். மாங்காய்ச் சம்பல் என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்யலாம்.

அண்ணை ஸ்ட்ரெதமில் இருந்து வழக்கம்போல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து, நித்திரை இல்லாமல், இரண்டு ரயில் மாறி வருகிற மனிதர். கலியாணமும் கட்டவில்லை, சமைக்கவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை மட்டும் விடமாட்டார். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, லண்டன் மாங்காய் பரவாயில்லை என்றார்.

வதனா தீபாவளிக்கு முன் வந்துவிடுவாள் என்கிறார். அம்மாவும் அப்பாவும் போனபிறகு எங்கள் வீட்டில் அண்ணை, நான், தங்கச்சி வதனா என்று மூன்று பேர்தான் மிச்சம். அவள் மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்தில். சண்டையால் தரைப்பாதை இல்லை, கிளாலியால் கடலேரியை வள்ளத்தில் தாண்டி, கொழும்பில் வெள்ளவத்தைச் சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும், மிச்சத்தைச் சித்தப்பா பார்ப்பார். எனக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போய், முப்பத்தொன்பது வயதில் இந்தப் பிள்ளை. நான் டொக்டரைவிட வதனாவைத்தான் நம்பியிருக்கிறேன். பின் அறையில் அவளுக்குக் கட்டிலும் போட்டாயிற்று.

சம்பல் கிளறும்போது வதனா என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அக்கா, உப்புக் காணாது" என்றாள். நான் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான், ஆள் அங்கே, குரல் இங்கே. என் குசினியில் நான் ஒருநாளும் தனியாகச் சமைத்ததில்லை. கட்டின மனுசன், இவரிடம் சொன்னால் சிரிப்பார். உப்பு உண்மையிலேயே காணாதுதான்.

10 ஒக்டோபர், ஞாயிறு

அண்ணை வரவில்லை. ஷிப்ட் மாறிவிட்டதாம். போனில் குரல் அடைத்துக் கிடந்தது. தடிமன் என்றார். மல்லித்தண்ணி அவித்துக் குடிக்கச் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார், வைத்துவிட்டார்.

கத்தரிக்காய்க் குழம்பு மிஞ்சிப் போயிற்று. அண்ணை இல்லாத ஞாயிறு எனக்குப் பிடிக்கவில்லை.

12 ஒக்டோபர், செவ்வாய்

குட்மேய்ஸில் இருந்து தவநாயகி மாமி வந்தார். இரத்த உறவில்லை, எங்கள் ஊர், அந்த முறையில் மாமி. வெறுங்கையோடு வருகிறவர் இல்லைதான், ஆனால் இன்றைக்குச் சோறு முதற்கொண்டு கொண்டுவந்திருந்தார். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, ரசம். என் வீட்டில் அடுப்பு எரியவில்லையா? எட்டு மாத வயிற்றோடு நிற்கக்கூடாதாம். சரி, நோகாமல் வருகிறதை நான் ஏன் மறிக்கிறேன்.

கதைக்கவே இல்லை. ஊர்ப் புதினம் எல்லாம் கொட்டுகிற மனுஷி, சோபாவின் விளிம்பில் இருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், வீங்கியிருக்கிறதா என்று.

போகும்போது சப்பாத்தைப் போட்டார், என் கையைப் பிடித்தார், போய்விட்டார். "போட்டு வாறன்" என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். செத்த வீட்டில் இருந்துதான் அப்படிச் சொல்லாமல் எழும்பிப் போவார்கள்.

மறந்திருப்பார்.

13 ஒக்டோபர்

மாமிக்குப் போன் எடுத்து, ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

17 ஒக்டோபர், ஞாயிறு

நவராத்திரி இரண்டாம் நாள். வயிறு பெருத்தபின் கோயிலுக்குப் போவதில்லை, அதனால் வீட்டிலேயே கும்பம் வைத்தேன். இன்றைக்குக் கடலை. தாளிக்கும் வாசத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனையே மதிலில் ஏறி வந்து இருந்தது. வெளியில் இலை கொட்டிக் குளிர்கிறது, உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி. இந்த மாதம்தான் இந்த நாட்டில் எனக்குப் பிடித்த மாதம். வெயிலில் சமைத்தால் யாருக்கு ருசிக்கும்?

அண்ணை வந்தார். தாடியோடு!

பிளேட் பட்டுத் தோல் தடித்துவிட்டதாம். என் அண்ணை சவரம் செய்யாமல் கடிதப் பெட்டிவரைகூடப் போகமாட்டார். முன் அறையிலேயே இருந்தார். கும்பம் வைத்த பக்கம் வரச் சொன்னேன், முழங்கால் நோகிறது என்றார். கடலை கொடுத்தேன், வயிறு சரியில்லை என்றார். தேத்தண்ணியும் வேண்டாமாம். ஒரு மனிதருக்குத் தோலும் முழங்காலும் வயிறும் ஒரே நாளில் பிழைக்குமா?

வதனாவைப் பற்றிக் கேட்டேன். "வருவாள்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

24 ஒக்டோபர், ஞாயிறு

விஜயதசமி. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியாயிற்று. நாலு மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்குகிறது.

இவர் காலையில் கோயிலுக்குப் போனார், சேர்ச் றோட்டுக்கு. அண்ணையும் கூடப் போனாராம். விபூதி பிரசாதம் தரும்போது, அண்ணை என்ன வேண்டிக்கொண்டார் என்று விளையாட்டுக்குக் கேட்டேன். "அவர் உள்ளுக்கை வரேல்லை, காருக்கை இருந்தவர்" என்றார் இவர். சொல்லிவிட்டு முகம் வெளுத்துப்போனார். பிறகு பார்க்கிங் என்றார். இவருக்குப் பொய் சொல்ல வராது. தபால் பிரிக்கிற இடத்தில் கடிதத்தைத் தவறான பெட்டிக்குள் போட்டாலே இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

கோயில் படி மிதிக்கவில்லை. தாடி எடுக்கவில்லை. பூசை வைத்த வீட்டில் கை நனைக்கவில்லை.

துடக்கு. அண்ணை துடக்குக் காக்கிறார். குடும்பத்தில் சாவு விழுந்தால் காக்கிற துடக்கு. வேறு என்ன?

யாருடைய சாவு? எங்கள் குடும்பத்தில் மிச்சம் மூன்று பேர். அண்ணை காருக்குள் இருந்தார். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இல்லை. சித்தப்பாவும் இருக்கிறார். அப்பாவின் தம்பி, அவருக்கும் துடக்கு உண்டு. நெஞ்சுவருத்தக்காரர். வயதும் போய்விட்டது. சித்தப்பாவாகத்தான் இருக்கும். சித்தப்பாவாக இருக்கட்டும். கடவுளே, நான் என்ன எழுதுகிறன் — எங்களைத் தூக்கி வளர்த்த மனுசன் செத்திருக்கட்டும் எண்டு கும்பத்துக்கு முன்னாலை இருந்து கேக்கிறன்.

25 ஒக்டோபர்

சித்தப்பாவாக இருக்கட்டும்.

29 ஒக்டோபர், வெள்ளி

இவர் வேலையில். பயறு வறுத்துக்கொண்டிருந்தேன், தீபாவளிப் பயற்றம் பணியாரத்துக்கு. போன் அடித்தது.

"பிள்ளை, சித்தப்பா கதைக்கிறன்."

அடுப்பை நிற்பாட்டவும் தோன்றவில்லை. குரல் கணீரென்று இருந்தது, பக்கத்து அறையில் இருந்து கதைக்கிற மாதிரி. உடம்பு எப்படி, கால் வீக்கமா, நல்லாய்ச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். வதனா என்று நான் தொடங்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார், அவள் வருவாள், நீ ஒண்டையும் யோசியாதை என்று. நான் ஓம் சொல்லுமுன்னமே வைத்துவிட்டார்.

ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று கேட்டு நான் நிலத்தில் இருந்துவிட்டேன். பயறு கரிந்து வீடு முழுக்கப் புகை.

இவர் வந்ததும் சித்தப்பா எடுத்தவர் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?" என்றார். வதனா வருவாளாம் என்றேன். சன்னல்களைத் திறக்கப் போய்விட்டார்.

1 நவம்பர், திங்கள்

பேய்த்திருநாள் முடிந்து கடையில் பூசணிக்காயை அள்ளி வைத்திருக்கிறார்கள், கேட்பாரில்லை. வெள்ளைக்காரர் முகம் வெட்டி வாசலில் வைக்கிறதற்குத்தான் வாங்குவார்கள். பிள்ளை மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பால்கறி வைத்தேன், மிளகு தட்டிப்போட்டு.

உப்புப் போட்டபின் காத்துக்கொண்டு நின்றேன். குறையா, கூடவா? சொல்லடி. மிளகு காணுமா? ஒன்றும் இல்லை. குளிர்சாதனப் பெட்டிதான் இரைந்தது. தேவையில்லாமல் இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டேன், அப்போதாவது வாய் திறக்கிறாளா என்று. கறி கெட்டுப் போயிற்று.

நான் ஒருவரிடமும் கேட்கப்போவதில்லை. ஒருவரும் சொல்லாதவரைக்கும் அவள் கிளாலியில் வள்ளத்துக்கு நிற்கிறாள். மழை, அதனால் வள்ளம் ஓடவில்லை. எத்தனை பேர் கிழமைக்கணக்காக நிற்கிறார்கள். அவளும் நிற்கிறாள்.

5 நவம்பர்

வெள்ளைக்காரரின் வாணவேடிக்கை நாள், தெருவெல்லாம் வெடி. இவர் திரைச்சீலையை இழுத்து மூடினார். அண்ணை ஞாயிற்றுக்கிழமை வருவாராம். பலகாரம் சுடுவோம் என்று சொன்னேன். மாமியும் வருகிறார்.

7 நவம்பர், ஞாயிறு

எழுத ஏலாமல் இருக்கிறது. எழுதாமலும் ஏலாது.

மாமி காலையிலேயே வந்து அரியதரத்துக்கு மாக் குழைத்தார். கடையில் வாங்குவோம், எண்ணெய்ச் சூட்டில் நிற்காதே என்று இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. வருடாவருடம் செய்கிறதை ஏன் விட வேண்டும்? வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்தால் வீட்டில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சாவு விழுந்த குடும்பம்தான் ஒரு வருடத்துக்குப் பலகாரம் சுடாது. நான் சுடுவேன். அதுதான் என் மனதில் இருந்தது, எழுதினால் என்ன.

அண்ணை வந்தார். தாடி இல்லை. புதிதாகச் சவரம் செய்த தாடை, வெட்டுக்காயத்தோடு. துடக்கு முடிந்திருக்கிறது.

சட்டியை வைத்து எண்ணெயை ஊற்றினேன். எண்ணெய் காய்கிற வாசம் எழும்பியதும் அண்ணை மெல்லப் பின்கதவைத் திறந்து வெளியே போனார். சன்னலால் பார்த்தேன். தூறல். கோட்டும் போடாமல், அழுகிய ஆப்பிள்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கி மரத்தடியில் குவித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுப் பலகாரம் சுட்டு முடியும்வரை அங்கேயே நிற்கிறதற்கு ஒரு வேலை.

ஒரு மாதமாய் இந்த மனுசன் தனிய அழுதிருக்கு. எனக்காக.

அடுப்பை நிற்பாட்டினேன். சட்டியைத் துணியால் பிடித்து இறக்கி நிலத்தில் வைத்தேன். மாமி தடுக்க வந்தவர், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பின்கதவுக்குப் போனேன்.

"அண்ணை, உள்ளுக்கை வாங்கோ. எண்ணெய்ச் சட்டியை இறக்கிட்டன்."

நிமிர்ந்தார். கை நிறைய ஆப்பிள்.

"நீ சுடலாம், மலர். ஐயரிட்டைக் கேட்டனான். விஷயம் தெரியாதவளுக்குத் துடக்கில்லை எண்டவர்."

"எனக்குத் தெரியும், அண்ணை."

அவர் அழுத அழுகையை நான் அம்மாவின் செத்த வீட்டிலும் பார்த்ததில்லை. காய்ச்சல்தானாம். சாதாரண மலேரியா. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. செப்டம்பர் முடிவில் போயிருக்கிறாள், சித்தப்பாவுக்கு ஆள்மூலம் செய்தி வந்து சேர ஒரு கிழமை. நான் புளி ஆப்பிள் சம்பல் கிளறினபோது, உப்புக் காணாது என்று அவள் சொன்னபோது, அவள் இல்லை. நேற்று ஐயரோடு சவுத்தெண்ட் கடற்கரைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை எல்லாம் செய்தாராம். கூட ஒருவரும் இல்லை.

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாமிக்கு, இவருக்கு, குட்மேய்ஸ் முழுவதற்கும். இவரோடு சத்தம் போட்டேன். என்ரை தங்கச்சி, எனக்கு மட்டும் தெரியக்கூடாதோ? பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடும் என்று பயந்தோம் என்றார். கோபம் இருக்கிறது, இன்னும்.

13 நவம்பர், சனி

தீபாவளி. முழுகினோம். சுவாமி அறையில் விளக்கு மட்டும்.

மத்தியானத்தில் இருந்து ஆட்கள். பலகாரம் சுடாத வீடு என்று கேள்விப்பட்டு ஊர்ச்சனம் தங்கள் வீட்டில் சுட்டதைக் கொண்டுவருகிறார்கள். முறுக்கு, பயற்றம் பணியாரம், சிப்பி, மேசை கொள்ளவில்லை. ஒருவரும் "தீபாவளி வாழ்த்து" என்று சொல்லவில்லை. வந்து, வைத்து, கொஞ்சநேரம் இருந்து, எழும்பிப் போனார்கள். வதனாவைத் தெரிந்த ஒரு பெட்டை, இப்போது ஈஸ்ட்ஹாமில், அவளிடம் கணக்குப் படித்தேன் என்று சொல்லி அழுதாள். அது எனக்குத் தெரியாத வதனா. ரீச்சர்.

அரியதரம் ஒன்று எடுத்தேன். விளிம்பு வெடித்திருந்தது, பாகு பதம் தப்பியிருக்கிறது. வதனா இதைப் பார்த்திருந்தால் சுட்டவளை மூன்று வருடத்துக்கு விட்டிருக்கமாட்டாள். முழுவதையும் தின்றேன்.

குசினிக்குள் ஒருவரும் இல்லை. தெரிந்த நாளிலிருந்து அவள் வருவதில்லை.

20 நவம்பர்

அப்பம் சுடப்போய்ப் பாதியில் விட்டுவிட்டேன். முதுகு குளிர்கிறது. திரும்பித் திரும்பிப் பார்த்தால் யார்தான் சமைக்க முடியும்?

30 நவம்பர், செவ்வாய்

பெண்பிள்ளை. வெள்ளிக்கிழமை விடியற்காலை. இரண்டு பேரும் சுகம். நேற்று வீட்டுக்கு வந்தோம். மரத்தில் ஒரு இலை இல்லை.

பெயருக்கு எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அந்தப் பெயருக்கு ஒரு ஆள் இருந்தது. இது வேறு ஆள். இவருக்கும் அதுதான் சரியென்று படுகிறதாம், பாவம், இனி நான் சொல்வதெல்லாம் இவருக்குச் சரிதான்.

இன்றைக்கு அண்ணை லீவு போட்டுவிட்டு வந்தார். கையில் மீன், உள்ளி, மாமி எழுதிக்கொடுத்த சரக்குச் சாமான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி அவர் வைக்கப்போகிறாராம். முட்டை அவிக்கத் தெரியாத மனிதர்! குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். மல்லியும் மிளகும் கரிகிற வாசம் மேல்மாடிவரை வந்தது. அம்மியில்லாத நாட்டில் என்னத்தையோ போட்டு இடித்தார். இரண்டு தரம் மாமிக்குப் போன் எடுத்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கீழே யாரோ நடமாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு கண் அயர்ந்தது.

சோற்றையும் கறியையும் தட்டத்தில் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பாக இருந்தது. மீன் கரைந்து முள்ளாகிவிட்டது. நான் வாயில் வைக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வதனா வைக்கிற மாதிரி வருமோ தெரியாது" என்றார்.

"வராது, அண்ணை" என்றேன். "இன்னும் கொஞ்சம் கறி விடுங்கோ."