அறுந்த கயிறும் என் மகளின் மாற்றுச் சான்றிதழும்

அனுப்புநர்
சி. ஆண்டி (வயது 44), விவசாயி,
வெள்ளிமலை, கல்வராயன்மலை வட்டம்.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பொருள்: படகுக் கயிற்றை அவிழ்த்ததாக என் மகள் மகேஸ்வரியின் மாற்றுச் சான்றிதழில் எழுதியதை நீக்கக் கோருதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எட்டாவதில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு மாட்டோடு போனவன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது, பிள்ளை மேல் போட வேண்டாம்.

1. பதினோராம் வகுப்பு படித்த என் மகள் கடந்த பிப்ரவரி 8, சனிக்கிழமை அன்று பள்ளிச் சுற்றுலாவாகக் கடலூர்ப் பக்கம் போனாள். மாலையில் ஆறு பெண் பிள்ளைகள் கரையில் கட்டியிருந்த படகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். படகுக்காரர் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் படகு விலகி, கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. கயிற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்தது மகேஸ்வரி. "இவதான் அவுத்துட்டா, மலையாளுங்களுக்கு படகப் பத்தி இன்னா தெரியும்" என்று அமிர்தம் என்ற பிள்ளை படகிலேயே திட்டியிருக்கிறது. பள்ளியும் விசாரிக்காமல் அதையே எழுதி மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டது.

2. ஐயா, நான் கோமுகி அணையில் முழங்கால் தண்ணீருக்கே சத்தம் போடுகிறவன். என் மகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். பஸ்ஸில் வாந்தி எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம் என்பதால் அவள் அம்மா நெல்லிக்காய் கட்டிக் கொடுத்திருந்தாள். அதையும் இரண்டு பாட்டில் தண்ணீரையும் வைத்து நாற்பது மணி நேரம் ஆறு பேரையும் காப்பாற்றியிருக்கிறாள். தண்ணீரைப் பாட்டில் மூடியால் அளந்துதான் கொடுத்திருக்கிறாள். முதல் மூடி அமிர்தத்துக்கு.

3. மலையில் பனிமூட்டத்தில் நடந்தால் முன்னால் போகிறவர் பெயர் சொல்லிக் குரல் கொடுப்பார், அடுத்தடுத்தவர் தொடர்வார்கள். கடைசி ஆளின் குரல் கேட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே மாதிரி படகில் பிள்ளைகளைக் குரல் கொடுக்க வைத்து, ஒருத்தரையும் சோர்ந்து படுக்க விடவில்லை. கடைசிக் குரல் இவளுடையது. திங்கட்கிழமை காலை மூட்டத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சின்னராசு என்ற மீனவர் போய் மீட்டார்.

4. கரையில் படகைக் கட்டியிருந்த முளைக்கம்பை நான் நேரில் போய்ப் பார்த்தேன். முளையில் போட்ட கட்டு அவிழவில்லை. கயிறு நடுவில் இற்று அறுந்திருக்கிறது. அவிழ்த்திருந்தால் கட்டு எப்படி இருக்கும்? மாடு கட்டிப் பழகிய எனக்கே இது தெரிகிறது.

5. "படகுக் கயிற்றை அவிழ்த்தார், நடத்தை திருப்தியில்லை" என்ற அந்த வரியால் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்கவில்லை. தாங்கள் விசாரித்து, அதை நீக்கித் திருத்திய சான்றிதழ் வழங்க உத்தரவிடுமாறு பணிந்து கேட்கிறேன்.

கூடப் போன ஐந்து பிள்ளைகளும் மகேஸ்வரி கயிற்றை அவிழ்க்கவில்லை என்று இணைப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், படகில் குரல் கொடுத்த அதே வரிசையில். முதல் கையெழுத்து அமிர்தம். ஆறாவது இடத்தை மகேஸ்வரிக்கு என்று அவர்களே விட்டிருக்கிறார்கள். சான்றிதழ் திருந்தி வந்த பிறகுதான் போடுவேன் என்கிறாள். அந்த இடம் காலியாக இருக்கிறது ஐயா.

இடம்: வெள்ளிமலை
நாள்: 16.06.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சி. ஆண்டி

இணைப்பு: கயிற்றின் புகைப்படம், மாற்றுச் சான்றிதழ் நகல், மாணவிகளின் கையெழுத்துத் தாள்.