திரும்பிப் போகிற பந்து

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சௌக்கியம்தானே? உங்க முதுகுவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன். நெத்தியில ஒரு சின்ன வீக்கம், பயப்படாதீங்க.

ஹெல்மெட் சோதிக்கிற எங்க கூடத்துல நேத்து ஒரு மரக்கட்டையை நிறுத்தி, காத்தழுத்தத் துப்பாக்கிக் குழாயிலேருந்து களிமண் உருண்டையை அது மேல சுட்டோம். அது கட்டையில அப்பி அங்கேயே தங்கிடுச்சு. கட்டை லேசா ஆடிட்டு நின்னுச்சு. அடுத்து அதே எடையில, அதே வேகத்துல ரப்பர் பந்து. அது கட்டையையே சாய்ச்சுட்டு, திரும்பி வந்து என் நெத்தியையும் ஒரு கை பார்த்துடுச்சு.

மேலாளரம்மா அந்த வீடியோவை மெதுவா ஓடவிட்டாங்க. பந்து தூக்கத்துல நடக்குற மாதிரி மிதந்து வருது. கட்டையில கன்னத்தை அழுத்திக் கொஞ்சம் கண்ணசருது. அப்புறம் மனசே இல்லாம கிளம்புது.

"வந்து தங்கிட்டா அடி கம்மிம்மா. திரும்பிப் போறது, போகும்போதும் தள்ளிட்டுத்தான் போகும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு"ன்னாங்க.

போன லீவுக்கு வந்துட்டு நான் கிளம்பின அன்னிக்கே பாப்பா காய்ச்சல்ல படுத்துட்டாளாமே. நீங்க மறைச்சீங்க, உங்க தங்கச்சி உளறிட்டா.

ஷூ வாங்கணும், பாப்பா பாதத்தைத் தாள்ல வரைஞ்சு அனுப்புங்க. அப்படியே உங்க பாதத்தையும். உங்களுக்கு ஒண்ணும் வாங்கப் போறதில்ல, சும்மாதான்.

வேன் வந்துடுச்சு, ஓடணும். இனிமே லீவுல வரமாட்டேங்க. வந்தா களிமண்ணாத்தான் வருவேன்.

உங்க வாயாடி