இசைத்தட்டுகளைத் தருவதாக இல்லை

அன்புள்ள மகளின் அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்பது பழக்கதோஷம். அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன். நாங்கள் இருவரும் நலம். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

உங்கள் தம்பி வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். “அண்ணன் அந்த ஜாஸ் தட்டெல்லாம் வாங்கிட்டு வரச் சொன்னாரு அண்ணி. அங்க அதுக்குன்னே அண்ணனும் அவங்களுமா அலமாரி செஞ்சு வச்சிருக்காங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். என்னைப் பற்றி, அவளுக்கு அது ஒரு எழவும் புரியாது, இங்கே கிடந்து தூசி படிவானேன் என்று நீங்கள் சொன்னதையும் வாய்தவறி உளறிவிட்டார்.

ரொம்பச் சரி. புரியாதவளாகத்தான் வந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு தட்டைப் போட்டீர்கள். சாக்ஸபோன் கத்தியது, டிரம்ஸ் ஒரு பக்கம் ஓடியது, பியானோ தன் பாட்டுக்கு எதையோ தட்டியது. பொறுமையாக இருந்துவிட்டு, “இதுல பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?” என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன். அதை எத்தனை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தீர்கள்! நான் காபியோடு வரும்போதெல்லாம், பாட்டு ஆரம்பித்துவிட்டதா என்று யாராவது கேட்பார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீங்கள் போன பிறகு, உடைக்கத்தான் எடுத்தேன். அப்புறம் ஒரு வீம்பு. அப்படி என்னதான் இருக்கிறது, நானும் பார்த்துவிடுகிறேன் என்று தினமும் போட்டேன். நான் வேலை பார்க்கிற பல் மருத்துவமனையில் நாள் முழுக்கப் பல் ராவும் மிஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் இந்தச் சாக்ஸபோன்காரர். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறேன். சில வருஷங்கள் வெறும் இரைச்சல்தான். ஒருநாள் துணி மடிக்கும்போது, அடியில் தும் தும்மென்று போகிற பேஸ் தந்தி மட்டும் தனியாகக் காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டே பல மாதம் போனேன். பிறகு டிரம்ஸ் பிடிபட்டது. சாக்ஸபோன்காரர் கத்தவில்லை, மற்றவர்கள் சொல்வதற்கெல்லாம் பதில் சொல்கிறார் என்பது விளங்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. விளங்கிய அன்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஒன்று தெரியுமா? பாதித் தட்டுகளின் இரண்டாம் பக்கத்தில் ஊசியே பட்டதில்லை. பளபளவென்று புதிதாக இருந்தன. ஆள் வந்தால் முதல் பக்கம், அதுவும் பேச்சுக்கு நடுவில். நான் கேட்டது நல்ல கேள்விதான். உங்களுக்குப் பதில் தெரியவில்லை, சிரித்து மழுப்பிவிட்டீர்கள்.

“குடுத்துத் தொலைச்சிடும்மா, எதுக்கு வம்பு” என்கிறாள் மகள். கொடுக்க மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் சரி. வாங்கியது நீங்கள், கேட்டது நான்.

உங்கள் சட்டைகள், சான்றிதழ்கள், மாமாவின் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் தம்பி கையில் அனுப்புகிறேன். பெட்டியின் அடியில் நம் கல்யாண ஆல்பம் இருக்கிறது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக இருங்கள். மனசாரத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா