சிவப்பு முனை இல்லாத ராடு

ஆக. 17, ஞாயிறு

ஆவணி பிறந்தும் ஆடிக்காற்று நிற்கவில்லை. வாசலெல்லாம் புழுதி. நேற்று கப்பலூரில் ஷிப்ட் முடிந்து வரும்போது பைபாஸில் வண்டி நின்றுவிட்டது. கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் கிக்கரே இறங்கவில்லை. இன்ஜின் ஜாம். ஆயில் பார்க்காமல் ஓட்டியது நான்தான், வேறு யாரைத் திட்ட?

மெக்கானிக் பதினைந்து நாள் கேட்கிறான். அதற்கெல்லாம் நேரமில்லை. மச்சினன் சரவணனுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். வருகிற ஞாயிறு அவனும் என் மனைவி செல்வியும் இந்த வண்டியில்தான் திருவாதவூர்ப் பக்கத்துச் சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போவதாகப் பேச்சு. பழைய இன்ஜின் ஒன்று வாங்கி நானே மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷமாக லேத்தில் நிற்கிறவனுக்கு இது என்ன பெரிய வேலை.

செ. சொன்னது: "ஒங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமே." பாராட்டா, குத்தலா? கேட்கவில்லை.

ஆக. 18, திங்கள்

லீவு. பழைய பார்ட்ஸ் கடை. அதே மாடல் இன்ஜின் கிடைத்தது. இடது பக்க மூடி முழுக்கத் தார் ரோட்டில் தேய்ந்த கீறல்.

"விழுந்த வண்டியாண்ணே?"

"விழாத வண்டி எதுக்குப்பா எங்கிட்ட வருது?"

கையால் சுற்றிப் பார்த்தேன், நல்ல கம்ப்ரஷன். ஷேர் ஆட்டோவில் காலடியில் வைத்து விளாங்குடி வரை கொண்டுவந்தேன். ஓட்டினவன் என்ன ஆனான் என்று வழியெல்லாம் யோசனை. கடையில் கேட்டிருக்கலாம்.

ஆக. 19, செவ்வாய்

சாயங்காலம் வேலை ஆரம்பம். சரவணன் வந்தான். கழற்றியவை: சைலன்சர், கார்புரேட்டர், செயின், ஒயர்கள். சின்னச் சாமான்களை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டேன். செ. பார்த்துவிட்டுக் கத்தினாள்.

இன்ஜினைச் சேஸியோடு பிடிக்கும் போல்ட்டில் மூன்று ஒழுங்காக வந்தன. பின்பக்க நீள போல்ட் மட்டும் துருவேறி அசையவே இல்லை. கடைசியில் ஆக்சா பிளேடால் அறுத்தோம். பிளேடு முறிந்து சரவணன் உள்ளங்கையில் கீறிவிட்டது. ஆழமில்லை. செ. மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

"கல்யாண மாப்ளக் கையில ரத்தம் பாத்தாச்சு. போதுமா?"

எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆக. 20, புதன்

நீள போல்ட் இங்கே இரண்டு கடையிலும் இல்லை. டவுனில் கிடைக்குமாம். ஒரு போல்ட்டுக்காக டவுனுக்கா? நானே கடைந்துகொள்கிறேன்.

எங்கள் கம்பெனியில் உறுதி ரக இரும்பு ராடின் ஒரு முனையில் சிவப்புப் பெயிண்ட், சாதா ராடில் பச்சை. பெயிண்ட் இல்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். அப்போதுதான் மிச்சத் துண்டு எந்த ரகம் என்று தெரியும். பெயிண்ட் இல்லாத துண்டைத் தொடவே கூடாது. இதற்காகப் போன மாதம் புதுசாக வந்த இரண்டு பேரை நானே வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

இன்று உறுதி ராடு அடுக்கும் சிவப்புத் தட்டில் சரியான கனத்தில் ஒரு துண்டு. பெயிண்ட் இல்லை. சிவப்புத் தட்டில் கிடப்பது வேறு என்னவாக இருந்துவிடப் போகிறது? ஸ்டோர் காஜா அண்ணனிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். டீ நேரத்துக்குள் கடைந்து மரையும் போட்டாயிற்று. வெண்ணெய் மாதிரி வெட்டியது. டூல் புதுசு, அதனால் இருக்கும்.

காஜா அண்ணன் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கடையில விக்கிறத விட சுத்தமா இருக்கேப்பா" என்றார். நாள் முழுக்க அதே சந்தோஷம்.

ஆக. 21, வியாழன்

இன்ஜின் ஏறிவிட்டது. மூன்றாவது உதையில் ஸ்டார்ட். சரவணன் விசில். மாமனார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "எங்க மாப்ள கை வச்சா அம்புட்டுத்தான்!"

செ. எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னாள். இன்ஜினுக்கெல்லாமா என்று சிரித்தேன். சக்கரம் ஏறும்போது பழம் வழுக்கிச் சாக்கடைக்குள் போய்விட்டது. நசுங்கவில்லை. வேறு பழம் வீட்டில் இல்லை.

ஆக. 22, வெள்ளி

வண்டியில் வேலைக்குப் போனேன். நாற்பதைத் தாண்டினால் கால்மிதியில் அதிர்வு. வீட்டுக்கு வந்து எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பார்த்தேன். என் போல்ட் மட்டும் அரைச் சுற்று வாங்கியது. நேற்று முழு மூச்சாக இறுக்கியதுதானே. தூக்கம் சரியில்லை.

செ. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருக்கிறாள். வாங்க வேண்டும்.

ஆக. 23, சனி

மேகமூட்டம், மழை இல்லை.

பதினொரு மணி வாக்கில் காஜா அண்ணன் ஸ்டோரில் கத்திக்கொண்டிருந்தார். "எந்த மடையன்டா செவப்புத் தட்டுல சாதா ராடக் கலந்து போட்டது?"

அன்று வெட்டியதில் மிஞ்சிய துண்டு என் டிராயரில் கிடந்தது. எடுத்துப் போய்க் கிரைண்டரில் வைத்தேன். உறுதி ராடு என்றால் பொறி நுனியில் பூப்பூவாக வெடிக்கும். இது கோடு கோடாக நீளமாகப் போனது. திருப்பி வைத்தேன், இன்னொரு பக்கம் வைத்தேன். பூவே இல்லை.

சாதா இரும்பு. இழுக்க இழுக்க நீளும், ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்தால் இன்ஜின் இறங்கும், செயின் மாட்டும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த ஓட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருப்பது செல்வி.

வீடு வரை இருபதிலேயே ஓட்டி வந்தேன். பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே கொன்றார்கள்.

வீட்டில் மாமனார், மாமியார், சரவணன், எல்லோரும் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். மாமனார் யாரிடமோ போனில்: "இன்ஜினையே வீட்ல வச்சு மாத்திப்புட்டாருய்யா எங்க மாப்ள."

சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் சொன்னது: "நாளைக்கு வண்டி வேணாம், பஸ்ல போங்க. இன்ஜின்ல டேப்பட் சத்தம் லேசா வருது."

சரவணன், "அதெல்லாம் ஒரு சத்தமா மாமா?" என்றான்.

"சொன்னாக் கேளு மாப்ள."

சாவியை என் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் டவுனில் போல்ட் வாங்கி மாற்றிவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஆக. 24, ஞாயிறு

ஏழு மணி பஸ். டவுனில் முதல் கடையிலேயே கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். ஒரு நிமிஷ வேலை. புதனன்றே வந்திருக்கலாம்.

9.50. வீடு வந்தேன். பூட்டியிருக்கிறது. வாசலில் வண்டி இல்லை.

எதிர் வீட்டு அக்கா: "பஸ் ஸ்டாப்புல ரொம்ப நேரம் நின்னாகளாம், பஸ்ஸே வரலையாம். திரும்பி வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாக. செல்வி வேணாம்னுதான் சொன்னா. அந்தத் தம்பிதான், 'மாமா சும்மா பயப்படுறாருக்கா, அவரு செஞ்ச வேலை தப்பாப் போகுமா'ன்னுச்சு."

இன்னொரு சாவி செ. கைப்பையில் இருப்பது எனக்குத் தெரியும். நேற்று ஏன் கேட்டு வாங்கவில்லை?

10.05. கதவைத் திறந்துகொண்டே செ. நம்பருக்கு அடித்தேன். அடுக்களையில் மணி அடிக்கிறது. சார்ஜரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

10.10. சரவணன் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டான், நல்ல பிள்ளை.

10.20. எதிர் வீட்டில் ஸ்கூட்டர் கேட்டிருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் குளிக்கிறாராம், வந்து சாவி தருவாராம். உட்கார முடியவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை. தப்பான இரும்பு, தெரியாமல் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

10.25. சரவணன். ரிங் போகிறது. எடுக்கவில்லை.

10.31. ரிங் போகிறது. புது போல்ட் சட்டைப் பையில் இருக்கிறது.