விருப்பமின்றி வைரத் தூண் ஆக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
மு. பக்கிரிசாமி,
ஓய்வுபெற்ற ரயில்வே கிடங்குப் பணியாளர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
அமலாக்க அதிகாரி அவர்கள்,
பயனீட்டாளர் விவகார அலுவலகம்,
கோலாலம்பூர்.

பொருள்: சொந்தமாகக் காசு அச்சடித்து ஆள் சேர்க்கும் கிள்ளான் நிறுவனத்தின் மீது நடவடிக்கை கோருதலும், அதன் பெருந்தலைகளில் ஒருவராக என்னை வைத்திருப்பதை நீக்கக் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கிள்ளானில் உள்ள 'சுபிட்ச மலர்ச்சி' என்னும் நிறுவனம், மான் படம் போட்ட பச்சை நோட்டு ஒன்றை அச்சிட்டு அதற்குச் 'சுபிட்சம்' என்று பெயர் வைத்திருக்கிறது. வெள்ளியை, அதாவது நம் ரிங்கிட்டைக் கொடுத்தால் சுபிட்சம் தருவார்கள். சுபிட்சத்தைக் கொடுத்தால் வெள்ளி தரமாட்டார்கள். ஆள் சேர்ப்பவருக்கு மேலும் சுபிட்சம் உண்டு. அதை உறுப்பினர் கடைகளில் மட்டுமே செலவழிக்கலாம். எங்கள் தெரு முடிதிருத்துநர் இதை வாங்கிக்கொண்டுதான் முடி வெட்டுகிறார். அவருக்குத் தெரிந்த மற்றொரு உறுப்பினர் கடை, பிளாஸ்டிக் வாளிக் கடை. இப்போது அவர் கடையில் வாளிகளை நகர்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

2. அவர் எனக்குச் சில்லறையாக ஒரு சுபிட்சத்தைக் கொடுத்தார். நான் பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுத்து ரசீது கேட்டேன். உறுப்பினருக்கு மட்டுமே ரசீது என்றார்கள். ரசீது வாங்காமல் நான் எந்த அலுவலகத்தைவிட்டும் எழுந்து வந்தவன் அல்லன். ஆகவே கையெழுத்திட்டு உறுப்பினராகி, ரசீதைப் பெற்று வந்தேன்.

3. பிறகு மக்களை எச்சரிக்க என் சொந்தச் செலவில் துண்டறிக்கை அச்சிட்டு, வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் நின்று கொடுத்தேன். யாரும் தெரியாமல் அங்கே போய்விடக் கூடாது என்பதற்காக அந்த நிறுவனத்தின் முகவரியையும், செல்ல வேண்டிய பஸ்ஸின் எண்ணையும் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன். பலர் அதைக் கையில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அறிமுகப்படுத்தியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

4. இதனால் எனக்கு 'வைரத் தூண்' என்ற பதவி வந்துள்ளது. அலுவலக வாசலில் மாலை போட்ட என் படம் தொங்குகிறது. நான் உயிரோடு இருக்கிறேன். ஆட்சேபித்தபோது மேலாளர் எனக்கு நாற்காலி போட்டு, "அங்கிள் எது பேசினாலும் கூட்டம் சேருது. திட்டியே பேசுங்க, பரவால்ல" என்றார்.

5. சென்ற மாதமே மலாய் மொழியில் ஒரு புகார் எழுதுவித்தேன். எழுதிக் கொடுத்தவர் முழு விவரத்தையும் பொறுமையாகக் கேட்டார். புகாரை அனுப்பிவிட்டு, மறுநாள் அவரும் சேர்ந்துவிட்டார். ஆகவே இதை என் கையாலேயே தமிழில் எழுதுகிறேன்.

6. நான் இவ்வளவு அவசரமாக எழுதக் காரணம், பக்கத்து வீட்டில் தோசைக் கடை நடத்தும் வள்ளியம்மா. காலமான கணவரின் சேமநிதிப் பணம் முழுவதையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் மண்டபக் கூட்டத்தில் கட்டப் போகிறார். அவருக்கு வேறு ஆதாரம் இல்லை. வேண்டாம் என்று பலமுறை சொன்னேன். நேற்று அவர் கேட்டது: "அண்ணே, ஒங்க படத்த அங்க பெருசா மாட்டியிருக்கான். நீங்க மட்டும் மேல போகணும், நான் தோசையே சுட்டுக்கிட்டு இருக்கணுமா லா?" நான் எவ்வளவு தடுக்கிறேனோ அவ்வளவு லாபம் இருப்பதாக அவர் நினைக்கிறார்.

ஆகவே, என் பதவியைப் பறித்து, படத்தை இறக்கி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நிறுத்த உத்தரவிட வேண்டுகிறேன். எல்லாம் உடனே முடியாவிட்டாலும், சனிக்கிழமைக்குள் ஓர் அதிகாரியை வள்ளியம்மாவின் கடைக்கு அனுப்பி, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்று சொல்லச் செய்யுங்கள். அவர் சீருடையில் வர வேண்டும். சாதாரண உடையில் வந்து வேண்டாம் என்று சொன்னால், அவரும் என்னைப் போல் ஒரு தூண் என்றே வள்ளியம்மா எடுத்துக்கொள்வார்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
மு. பக்கிரிசாமி

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
நாள்: 14 ஜூன் 1994