உன் பெயரில் ஒரு வால்ட்ஸ்

இன்று காலை எழுந்ததும் முதலில் வலது கையைக் கழுவினேன். பல் துலக்கவில்லை, அடுப்பு பற்ற வைக்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நேற்று மாலை கிளப் மண்டபத்தில் ஒத்திகை. செயலாளர் என் கையைப் பிடித்து ஆடினார். தலையில் பூசும் அந்தக் கிரீம் வாசனை, கிராம்பு மெல்லும் வாய், ஈரமான உள்ளங்கை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நீ போய் மூன்று மாதம் ஆகவில்லை. வரும் சனிக்கிழமை உன் நினைவாக நடன விருந்து நடத்துகிறார்கள். மேடையில் உன் படத்துக்கு மாலை போடுவார்கள். அதன்முன் அவரும் நானும் முதல் வால்ட்ஸ் ஆட வேண்டுமாம். "அந்தப் பொண்ணு என்கூட ஆடித்தான் கத்துக்கிச்சு, டீச்சர். ஊருக்குத் தெரியணும்லா," என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

நடன ஆசிரியர் தேர்வுக்கு நாம் படித்த அந்த வருடம் நினைவுக்கு வந்தது. பத்து காஜா ஊர் மருத்துவமனையில் வேலை முடித்துவிட்டு, தாதிச் சீருடையைப் பையில் சுருட்டிக்கொண்டு நீ ஈப்போ நகருக்குப் பஸ் ஏறி வருவாய். நான் பள்ளிக்கூடம் முடிந்து வருவேன். துணிக்கடை மாடியில் சீன மேடம் நமக்குப் பாடம் நடத்துவார். மாணவர்களுக்கான பதக்கத் தேர்வுகளில் அவரவர் பக்கத்தை ஆடினால் போதும். ஆசிரியர் தேர்வு அப்படியல்ல. பெண்ணும் ஆணின் காலடிகளை ஆடிக்காட்ட வேண்டும். ஒவ்வொரு காலடிக்கும் எந்தக் கால், குதியா முன்பாதமா என்று வாயால் சொல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்தில்கூட நீ என்னை விடமாட்டாய்.

"நேச்சுரல் டர்ன். லேடிக்கு மொதக் காலடி?"

"இடது கால் பின்னால. முன்பாதம்."

"ஆம்பளைக்கு?"

"வலது கால் முன்னால..."

"முழுங்காத லா டீச்சர், குதியா முன்பாதமா?"

கடலை விற்கும் அண்ணன் நம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?" என்றார்.

"ஆமாண்ணே. ஒரு சீட்டு காலியா இருக்கு, நீங்களும் வாரீங்களா?" என்றாய். அவர் ஒரு பொட்டலத்தை இலவசமாகவே தந்தார்.

தேர்வுக்கு ஆட ஜோடி வேண்டியிருந்தது. ஃபாக்ஸ்ட்ராட் நடனம் தெரிந்த தமிழ் ஆண் என்று நமக்குக் கிடைத்தவர் இதே கிளப் செயலாளர் ஒருவர்தான். நாம் கொடுத்துவைத்தவர்கள் என்றார்கள். ஆணின் வலது கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே இருக்க வேண்டும். அதுவும் ஒரு தேர்வுக் கேள்வி. அந்த இடம் அவருக்குத் தெரியாமல் இல்லை. என்னோடு ஆடும்போது அந்தக் கை ஊர்ந்து இறங்கும். நான் உடம்பை விறைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். உன்னோடு ஆடியபோதும் இறங்கியது. பாட்டின் நடுவில் நீ நின்றுவிட்டாய்.

"அண்ணே, கை எடம் மாறிப்போச்சு. நான் நர்ஸுலா, எலும்பு எது இடுப்பு எதுன்னு காட்டட்டுமா?"

தமிழ் தெரியாத மேடம்கூடச் சிரித்தார். செயலாளரும் சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது. மறுவாரம் கிளப்பில் அவர் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார். "அது கேபரேக்காரி. டிக்கெட் வாங்குனா எவன்கூட வேணும்னாலும் ஆடும்." பெண்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சொல் நீ பிறந்த ரப்பர் தோட்டம் வரை போனது. உன் அண்ணன் கோபத்தோடு புறப்பட்டு வந்தார். நீ அவரை மாடிக்கே அழைத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்தாய். குதி, முன்பாதம், குதி, முன்பாதம் என்று நாம் ஒப்பித்ததைக் கேட்டபடியே அவர் தூங்கிப்போனார். எழுந்து, "இதுக்கா இவ்வளவு பேசுறானுங்க?" என்று கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

அதன் பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தாய். "ஆம்பளக் காலடியும் படிச்சாத்தான பாஸு? அப்பறம் இந்தாளு எதுக்கு? நானே ஒனக்கு ஆம்பள, வா." தேர்வாளராக வந்த வெள்ளைக்கார அம்மாள் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்த்தார். இருவருமே தேறினோம்.

வகுப்பு நடத்தக் கிளப் மண்டபம் கேட்டுப் போனாய். "குடும்பப் பொண்ணுங்க வர்ற எடம்," என்று உனக்கு இல்லை என்றார் செயலாளர். எனக்குத் தந்தார். நான் கல்லூரியில் படித்தவள், தோட்டக் குமாஸ்தாவான கிராணியின் மகள். அவர் முகத்தில் சாவியை எறியப் போனவளை நீதான் தடுத்தாய். "நீ எடு, டீச்சர். யாராவது ஒருத்தி சொல்லிக் குடுக்கணும்லா." அதன்பின் வார்டு வேலை, பிள்ளைகள், கடைசியில் அந்த நோய். ஒருநாளும் நீ ஒரு வகுப்பின் முன் நிற்கவில்லை.

அன்று நாற்காலியை நகர்த்திய அதே பெண்கள் இப்போது உன் படத்துக்குப் பூ எது நன்றாக இருக்கும் என்று பேசுகிறார்கள். "தங்கமான பொண்ணு," என்கிறார்கள். அவர்கள் நீட்டிய பலகாரத் தட்டைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

நேற்று ஒத்திகையில் நான் தயங்கியதை அவர் கவனித்துவிட்டார். என் மாணவிகளுக்கு அடுத்த மாதம் தேர்வு என்பதும் அவருக்குத் தெரியும். "மொத ஆட்டம் ஆடலன்னா மண்டபத்தப் பத்தி மறுபடி பேச வேண்டி வரும், டீச்சர்," என்றார். பேசிக்கொண்டே கையை மெல்ல இறக்கினார். இத்தனை வயதுக்குப் பிறகும்! என் வகுப்பில் யாருடைய கை இடம் மாறினாலும் நான் அந்த நொடியே பாட்டை நிறுத்திவிடுவேன். அது உன்னிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். நேற்றும் நானே போய் கேசட்டை நிறுத்தினேன். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விருந்துக்குப் போவேன். அவர் கை நீட்டும்போது ஆடமாட்டேன் என்பேன். ஏன் என்பதையும், உன்னைப் பற்றி அவர் அன்று சொன்ன சொல்லோடு சேர்த்து, கடைசி மேசைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வருவேன். திங்கள் முதல் வகுப்பு சிலிபின் பகுதியில், என் வீட்டுக் கார் போர்ச்சில். சிமெண்டுத் தரையில் காலணி சுழலாது, அடி தேயும். தேயட்டும். காரை இனித் தெருவில்தான் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதை என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.