இது, உது, அது

5 ஜூலை 1943, திங்கள்

மழை. ஆபீஸில் வருடத்தை ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுத வேண்டும். இது என் காகிதம், பழைய ரயில்வே ஃபாரத்தின் முதுகுப்பக்கம். ஆகவே 1943.

காலை ஏழு மணி, வெளியே கும்மிருட்டு. எல்லாம் டோக்கியோ நேரம். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கோழிகள் மட்டும் இன்னும் பழைய நேரத்துக்கே கூவுகின்றன.

சம்பளம் வந்தது. ரயில்வே ஸ்டோர் பியூன், கடைசிப் படி. வெள்ளைக்காரன் கொடுத்த அதே தொகை, ஜப்பான்காரன் வாழைமரம் அச்சடித்த நோட்டில். பாசாரில் ஒரு சுற்று, பார்க்க மட்டும்.

அரிசி – ஐந்து நாளைக்கு வாங்கினால் சம்பளம் தீர்ந்தது.
சவர்க்காரம் – சாம்பல்.
தீக்குச்சி – அடுத்த வீட்டு அடுப்பில் ஒரு தணல்.
சட்டை – மாவுச்சாக்கு. முதுகில் ஆலையின் பெயர் இன்னும் வெளுக்கவில்லை.
மரவள்ளி – உண்டு. என்றைக்கும் உண்டு.

மகள் பாக்கியம், ஆறு வயது. "அம்மா, இன்னைக்குக் கிழங்கு சோறா, கிழங்கு தோசையா?" மனைவி கனகம் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் நோட்டீஸ்: ஜப்பான் மொழிப் பரீட்சை. பியூன்களும் எழுதலாம். மூன்றாம் வகுப்பில் தேறினால் மாதம் பத்து டின் அரிசி கூடுதல். இரண்டாம் வகுப்பு என்றால் இருபது. டின் என்றால் பால் டின். பத்து டின்னை மனதுக்குள் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். பெயர் கொடுத்துவிட்டேன்.

6 ஜூலை

முதல் வகுப்பு. ஆபீஸ் கூடத்தில், கண்ணாடி போட்ட ஒரு சிப்பாய் வாத்தியார்.

வாதாஷி வா உச்சி நி காயேரிமாஸ். நான், வீடு, க்கு, திரும்புகிறேன். இது தமிழ் அல்லவா! வார்த்தைதான் வேறு. வினை கடைசியில் வந்து உட்காருகிறது. கேள்வி கேட்க நாம் 'ஆ' போடுகிறோம், அவர்கள் 'கா' போடுகிறார்கள். வீடு வரை சொல்லிக்கொண்டே நடந்தேன். குடையை ஆபீஸிலேயே விட்டுவிட்டேன்.

கிராணியார் செல்லையா, யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஸ்டோரின் பெரிய குமாஸ்தா, தடுமாறுகிறார். வாதாஷி காயேரிமாஸ் உச்சி. வாத்தியார் மேசையைத் தட்டினார். வெளியே வந்து என்னிடம்: "ஐசே, முதல்ல 'ஐ கோ ஹோம்' எண்டு நினைக்க வேணும். பிறகு மாத்த வேணும். சரியான கஷ்டம்."

இங்கிலீஷில் ஏன் நினைக்க வேண்டும்? கேட்கவில்லை. நான் நாலாம் வகுப்பு, தமிழ்ப் பள்ளிக்கூடம்.

8 ஜூலை

வெயில். எனக்கும் ஒரு முட்டுக்கட்டை. கொரே என்றால் இது. அரே என்றால் அது. நடுவில் சொரே என்று ஒன்று. இங்கும் இல்லை, அங்கும் இல்லை. பின் எங்கே? வாத்தியார் இரண்டு தரம் காட்டினார். பிடிபடவில்லை.

பிற்பகல், ஃபைல்களோடு நிற்கிறேன். கிராணியார் தலை நிமிராமல்: "உந்தப் பேனையை இஞ்ச தாரும்." பேனா என் கையில். உந்த! கேட்கிறவன் பக்கத்தில் இருந்தால் உது. அதுதான் சொரே. சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு?"

"ஐயா, சொரேன்னா உங்க வீட்டு உதுதான்."

பேனாவை வாங்கி மைக்கூட்டில் தோய்த்தார். பிறகு: "உது வீட்டில பேசுற பேச்சு ஐசே. பரீட்சைக்கு உதவாது."

உது என்றே சொன்னார். அவருக்கே தெரியவில்லை.

9 ஜூலை

உதவும் என்று இரவோடு இரவாக யோசித்திருப்பார் போல. காலையில் கூப்பிட்டார். வேலை முடிந்ததும் அவர் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு மணி நேரம் சொல்லித்தர வேண்டும். தினம் ஒரு டின் அரிசி.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். கனகத்திடம் சொன்னேன். "மீசைய முறுக்காதீங்க. டின்ன எடுத்துக்கிட்டுப் போங்க, அவங்க டின் சின்னதா இருக்கும்."

அவர்கள் டின்னும் அதே டின்தான். கிராணியார் மனைவி கோபுரமாகவே அளந்தார். கையில் மூன்று வளையல். அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை.

இரவு சோறு. முழுச் சோறு, கிழங்கு கலக்காதது. பாக்கியம் ஒவ்வொரு பருக்கையாகத் தின்றாள், முடிந்துவிடக் கூடாது என்று.

12 ஜூலை

கிராணியார் தேறிவிடுவார். "தமிழிலேயே நினைங்க ஐயா, வீட்டுத் தமிழ்ல" என்றேன். முதலில் முகம் சுளித்தார். இன்று சரசரவென்று வருகிறது. சொரே வா பென் தெஸ் கா? உது பேனாவா? அவர் மனைவி கதவருகே நின்று வாயை மூடிச் சிரிக்கிறார். இரண்டு வளையல்.

எனக்கும் சந்தோஷம். ஒரு பூட்டைத் திறந்த சந்தோஷம்.

13 ஜூலை

காலை கிள்ளான் பக்கமிருந்து ஒரு ரயில். சரக்குப் பெட்டிகளில் தோட்டத்து ஆட்கள், நம்மவர்கள். சயாமுக்கு, ரயில்பாதை போட. ஒருவர் பெட்டிக் கதவிலிருந்து கேட்டார்: "அண்ணே, இது என்ன ஊரு?" சொல்வதற்குள் நகர்ந்துவிட்டது. போனவர்களிடமிருந்து கடிதம் வந்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு அதிகாரிகளுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். பியூனுக்குக் காது உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. "நிக்யூ", இரண்டாம் வகுப்பு. "தாய்", சயாம். "இக்கிமாஸ்", போகிறார்கள். நடுவில் ஒரு சொல், ட்சூயாக்கு. தெரியாது. அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டே மாலை வரை.

பாடத்தில் கிராணியாரைக் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டினார். "இன்டர்பிரட்டர். ஒருத்தர் பேசினதை மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுறவர். ஏன்?"

"சும்மா கேட்டேன் ஐயா."

காதில் விழுந்ததைச் சொல்லாமல் அரிசி வாங்கிக்கொண்டு வந்தேன்.

14 ஜூலை

சொல்லவில்லை. ஒரு டின்.

15 ஜூலை

சொல்லவில்லை. ஒரு டின். கனகத்திடம் சொன்னேன். இரண்டாம் வகுப்பில் தேறுகிறவர்களைச் சயாமுக்கு அனுப்பப் போகிறார்கள்.

"அவர்கிட்ட சொல்லிடுங்க." பிறகு பானைக்குள் பார்த்தாள். "பரீட்சைக்கு முன்னாடி சொன்னாப் போதாதா?"

போதும் என்று இருவரும் முடிவு செய்தோம். சொன்னால் பாடம் நிற்கும் என்பதை இருவரும் சொல்லவில்லை.

என் கதை? மூன்றாம் வகுப்பு வேண்டும், இரண்டாவது கூடாது. எப்படிக் கொஞ்சமாகத் தவறுவது? கனகம்: "கிராணியார் முன்னாடி பேசுனாரே, அது மாதிரி பேசுங்க." அவள் பரீட்சை எழுதியிருந்தால் முதல் வகுப்பு.

17 ஜூலை, சனி

பரீட்சை. லேசான தூறல். வாசலிலேயே கிராணியாரை நிறுத்திச் சொன்னேன், தேத்தண்ணி, நிக்யூ, சயாம், எல்லாம்.

"எப்ப கேட்டனீர்?"

"செவ்வாய்க்கிழமை."

"இண்டைக்குச் சனி." என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. பரீட்சை வாசல்ல வந்து சொல்லுறீர். பரீட்சையில நான் உமக்கு மேல வந்திடுவன் எண்ட பயம், என்ன?"

என்னிடம் இருந்த ஒரே பதில் அரிசி. அதைச் சொல்ல வெட்கம்.

அவர் முதலில் உள்ளே. பலகைச் சுவர், எல்லாம் கேட்டது. அதிகாரி எதையோ காட்டி, கொரே வா நான் தெஸ் கா? இது என்ன? கிராணியார் தயங்காமல்: சொரே வா போஷி தெஸ். உது தொப்பி. அவ்வளவு சுத்தம். நான் சொல்லிக்கொடுத்த சுத்தம். அதிகாரி 'யோஷி' என்றார், நல்லது என்று அர்த்தம்.

அடுத்து நான். அதே தொப்பி, அதிகாரியின் கைப்பக்கம். அரே என்றேன். அது. வினையை நடுவில் வைத்தேன். கடைசிக்கு ஓடப் பார்த்த வார்த்தையை நாக்கில் பிடித்து நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. இதற்குத்தான் கிராணியார் அன்று அப்படி வியர்த்தாரோ.

22 ஜூலை

முடிவு ஒட்டினார்கள். நான் மூன்றாம் வகுப்பு. செல்லையா இரண்டாம் வகுப்பு. ஆபீஸில் கைகுலுக்கல். அவர் எனக்கும் கை நீட்டினார், பெருந்தன்மையாக. "பரவாயில்லை ஐசே, அடுத்த முறை."

இரண்டு மணிக்கு அதிகாரி அவரைக் கூப்பிட்டார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ஐந்து மணி வரை எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வைத்தேன். குடிக்கவில்லை.

26 ஜூலை

சயாம் ரயில். கிராணியாருக்குச் சரக்குப் பெட்டி இல்லை, பலகை இருக்கை உண்டு. பின்னால் பெட்டி பெட்டியாகத் தோட்டத்து ஆட்கள். அவர்களுக்குத்தான் இவர் வாயும் காதும். ஜன்னலருகே போனேன். மன்னிப்பு என்று தொடங்கினேன்.

"விடும். முதல் நாளே சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டன்."

பொய். நம்பியிருப்பார். எனக்காகச் சொன்ன பொய் என்று இருவருக்கும் தெரியும். வண்டி கிளம்பியபோது, "வீட்டுப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாரும்" என்றார். தமிழில், முழு யாழ்ப்பாணத்தில்.

27 ஜூலை

போகவில்லை. மூன்றாம் வகுப்புக்கான பத்து டின் அரிசி வந்தது. பாக்கியம் பைக்குள் கையை விட்டு அளைந்துகொண்டே இருந்தாள்.

28 ஜூலை

வெயில். நான் போகாததால் அவர் மனைவி வந்தார். கையில் ஒரு சின்னத் துணிப்பை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கையில் வளையல் இல்லை.

"பதினாறாந்திகதிப் பாடத்துக்கு அரிசி தரேல்லையாம். மறக்காமல் குடுக்கச் சொல்லிப்போட்டுப் போனவர்."

பையை என் காலடியில் வைத்தார். வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போங்க என்று பையைக் காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"உது உங்கட."